மாதுளம்பழச் சாறு பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு நெஞ்சு கனம் குறைந்து, களத்து மேடு வரை நடந்து வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

பாராக்ஸனேஸ் பற்றிக் கேட்டிருந்தாய். கல்லூரியில் வருடாவருடம் பாடம் நடத்தியபோதும் என்னை வியக்க வைத்த நொதி அது. கல்லீரலில் உருவாகி, நல்ல கொழுப்பு என்கிறோமே, அந்த எச்.டி.எல். துகளில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். கொழுப்பு கெட்டுப்போய் ரத்தக்குழாயில் படிவதைத் தடுக்க உதவும். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்து உடம்புக்குள் போய் விஷமாக மாறும்போது, அதை உடைப்பதும் இதே நொதிதான். 1998இல் அமெரிக்காவில் இந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பூச்சிமருந்து விஷம் அவற்றைச் சுலபமாகத் தாக்கியது. கொழுப்புத் தீனி கொடுத்தபோது ரத்தக்குழாயில் படிவும் அதிகமானது. இதய நோயாளியும் பூச்சிமருந்து அடிக்கிறவனும் ஒருவனாகவே இருக்கும் உனக்கு இது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

மாதுளம்பழச் சாறு இந்த நொதியைக் கூட்டும் என்று நீ கேள்விப்பட்டது பொய்யில்லை. இஸ்ரேலின் ஹைஃபாவில், கழுத்து ரத்தக்குழாய் சுருங்கிய நோயாளிகள் ஒரு வருடம் சாறு குடித்ததில் நொதியின் செயல்பாடு 83 சதவீதம் கூடியது என்று 2004இல் எழுதினார்கள். ஆனால் குடித்தவர்கள் வெறும் 10 பேர். சாப்பிடு, நல்ல பழம்தான். அதை நம்பி வேறு எதையும் விட்டுவிடாதே.

என்னைக் கேட்டால் முதலில் பீடியை நிறுத்து. புகை இந்த நொதியை நேரடியாகவே முடக்குகிறது. அப்புறம், பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி. நியூசிலாந்தில் பல முறை பொரித்த எண்ணெயில் செய்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, 4 மணி நேரத்திலேயே ரத்தத்தில் இதன் செயல்பாடு இறங்கிவிட்டது. ஸ்டேட்டின் மாத்திரை இதைக் கொஞ்சம் உயர்த்துவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. உனக்கு அதைக் கொடுத்திருப்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கத்தான், ஒரு நாளும் விடாதே.

இதெல்லாம் செய்தாலும் பூச்சிமருந்து அடிக்கும்போது முகமூடியும் கையுறையும் வேண்டாம் என்று ஆகிவிடாது. இந்த நொதியின் செயல்பாடு பிறவியிலேயே ஆளுக்கு ஆள் 40 மடங்கு வரை வேறுபடும். பக்கத்துக் காட்டுக்காரர் வெறுங்கையால் கலந்து நன்றாக இருக்கிறார் என்பது உனக்கு உத்தரவாதமில்லை.

கலைச்செல்வி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பிறந்த குழந்தைக்கு இந்த நொதி மிகக் குறைவாகவே இருக்கும். பெரியவர்கள் அளவை எட்ட மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருடக்கணக்கில்கூட ஆகும். திண்ணையில் வைத்திருக்கும் பூச்சிமருந்து பாட்டில்களை இன்றைக்கே மோட்டார் ரூமுக்கு மாற்றிப் பூட்டு. மருந்து அடித்த சட்டையோடு குழந்தை இருக்கும் அறைக்குள் போகாதே, குளித்துவிட்டுப் போ. அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல். தெளிப்பு வேலையை முடிந்தவரை வேறு ஆளிடம் விட்டு, அவருக்கும் கையுறை வாங்கிக் கொடு.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனை எடுத்ததும் ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
சேகர்