காலி மனை வாடகை தராது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நிலத்தில் பணம் போட்டால் மாதா மாதம் நிலையான வருமானம் வரும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். அதே பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க நான்குவழிச் சாலை ஓரத்து மனை விளம்பரம். மேலே வருமானம், கீழே மனை. வாசிக்கிறவர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுக்கொள்ளத்தான் செய்வார். காலி மனை யாருக்கும் எந்த மாதமும் ஒரு ரூபாய் தந்ததில்லை. கல் ஊன்றவும் உடைமரம் வெட்டவும் நம் கையிலிருந்துதான் போகும். விலை ஏறலாம், ஏறாமலும் கிடக்கலாம். எப்படியானாலும் விற்றால்தான் காசு.

வாடகை வருமானம் என்றால் என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் எங்கள் மாமனார் காலத்து வளவு ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிணற்றைச் சுற்றி ஆறு வீடு. நாலு ஓட்டு வீடு 4,000 ரூபாய், இரண்டு காங்கிரீட் வீடு 5,500 ரூபாய். ஆக மாதம் 27,000. நோட்டில் கூட்டினால் அப்படி வரும். கைக்கு அப்படி முழுசாக வந்த வருஷம் எதுவும் எனக்கு நினைவில்லை. "எக்கா, இந்த மாசம் சம்பளம் பத்தாந்தேதிதான்" என்று ஒரு வீடு. மோட்டாரில் காயில் போய்விட்டது என்று ஒரு செலவு. மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும், கொத்தனார் தீபாவளி முடிந்து வருகிறேன் என்பார். 2022-ல் சொத்து வரி கூடியது. ஆனால் அதைச் சொல்லி நாலாயிரத்தை ஐயாயிரம் ஆக்க முடியாது, பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் கட்டுரையில் இல்லை. நம் பக்கத்தில் ஆனி முடிவில் ஒரு வீடு காலியானால் ஆவணி பிறக்கிறவரை சாவி என் இடுப்பில்தான். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். மார்கழியிலும் அதே கதை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனை விட்டால் நல்ல குடும்பம் அமைவது கஷ்டம். அதனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை என்று கணக்குப் போடுகிறவர் வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்க்காதவர் என்றுதான் சொல்வேன். இதற்கு மேல், வருகிறவரிடம் வாசலிலேயே 'நீங்க என்ன ஆட்கள்' என்று கேட்டு அனுப்பிவிட்டு, ஆறு மாதமாக வீடு பூட்டிக்கிடக்கிறது என்று புலம்புகிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்கு எந்த நிபுணரும் யோசனை சொல்ல முடியாது.

என் கொழுந்தன் மகன் துபாயில் இருக்கிறான். "பெரியம்மா, பெருமாள்புரத்துல 60 லட்சத்துக்கு ஒரு வீடு வருது, வாங்கிப் போட்டா வாடகை வந்துட்டே இருக்கும்லா?" என்று போனில் கேட்டான். வாடகை எவ்வளவு கிடைக்கும் என்று அந்தத் தெருவிலேயே விசாரித்தேன். 12,000. வருஷத்துக்கு 1,44,000. வரி, வெள்ளையடிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் போக 1,20,000 மிஞ்சினால் பெரிது. போட்ட பணத்துக்கு 2 சதவீதம். அப்புறம், பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். அதாவது முதல் 45 மாத வாடகை பத்திரச் செலவுக்கே சரி! வங்கிக் கடன் வாங்கி வாங்கினால் வட்டிக்கே இந்த வாடகை காணாது.

அவன் அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மோட்டார் ரிப்பேர் கிடையாது. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு வருமான வரி போடும்போது சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம், வட்டிக்கு அது கிடையாது. வாடகை கொஞ்சம் கொஞ்சமாகவாவது ஏறும். போட்ட நாளின் வட்டி அப்படியே நிற்கும். இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒருவர் வீடு வாங்கினால் சரி. வைத்துக் காட்ட வேண்டியது உங்கள் இணைப்பின் வேலை.

'உங்களுக்கு மட்டும் ஓடுகிறதே' என்று கேட்பார்கள். எங்களுக்கு ஓடுவது இடம் அந்தக் காலத்து விலையில் வாங்கியது என்பதால். இன்றைய சென்ட் விலைக்கு வாங்கிவிட்டு இதே வாடகை வாங்கினால் எனக்கும் கட்டுபடியாகாது. அப்புறம், சின்னச் சின்ன வீடு. பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிகளுக்கும் பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாம். நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைகள், கடையில் நிற்கிறவர்கள் கேட்டு வருகிறார்கள். ஒரு வீடு காலியானால் ஐந்து வீட்டு வாடகை வருகிறது. ஒரே பெரிய வீடு காலியானால் ஒன்றுமே வராது. ஆறு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வைத்தோம். அவரவர் 100 யூனிட் இலவசம் அவரவருக்கு. ஒரே மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வருமானம் எனக்கு வேண்டாம்.

மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைத்து, கெடு முடிந்ததும் அந்தத் தொகையைத் திருப்பித் தருகிற ஒத்தியையும் கட்டுரை வருமானக் கணக்கில் சேர்த்திருக்கிறது. ஐந்து லட்சம் ஒத்தி வாங்கி மகள் கல்யாணத்தில் செலவழித்தவர், கெடு முடிந்ததும் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைவதைப் பார்க்கிறோம். அது கடன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி வந்திருக்கலாம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கைலாசபுரத்தில் என் தம்பி வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர். குடியிருந்தவர்கள் வீட்டை விட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. வயரிங், கதவு, சுவர் என்று சரிசெய்து மறுபடி ஆள் வர மாதங்கள் ஆயின. இப்போது வயல் நடுவில் கல் ஊன்றி வண்ணக் கொடி கட்டுகிற இடங்களில் சில, ஊர்ப் பெரியவரைக் கேட்டால் குளம் பெருகும்போது தண்ணீர் நின்ற இடம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்கச் சொல்கிறீர்கள், நல்லது. கிராம வரைபடத்தில் குளமும் ஓடையும் எங்கே என்று பார்க்கவும் சொல்லுங்கள்.

'மாதம் இவ்வளவு உறுதி' என்று நிலத்தைக் காட்டிப் பணம் கேட்பவர்களைப் பற்றி நீங்கள்தான் உரக்க எழுத வேண்டும். நிலம் தருகிறோம் என்று நாடு முழுக்க 49,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபி 2014-ல் உத்தரவு போட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019-ல் சட்டமே வந்தது. அப்படியும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நோட்டீஸ் நீட்டுகிறார்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேல் மனை பிரித்து விற்கிறவர் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போடவும் வேண்டும். உங்கள் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் இரண்டு விளம்பரங்களில் எண் கண்ணில் படவில்லை. எண் இல்லாத விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்று உங்கள் விளம்பரப் பிரிவு முடிவெடுக்குமா? எடுத்தால் அதை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் வளவில் ஆறு வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான். வாடகை விவரத்தை வாசித்துவிட்டு நாளைக்கே குறைக்கச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
வளவுக்கார வாசகி,
பாளையங்கோட்டை.