வேகம் கிடக்கட்டும், பதினைந்தாயிரம் ரூபாய் போனிலும் வயர்லெஸ் சார்ஜ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயர்லெஸ் சார்ஜிங் (வயர் செருகாமல் போனைத் தட்டின் மேல் வைத்தே சார்ஜ் ஏற்றுவது) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த போனுக்கு எத்தனை வாட், எது முந்துகிறது என்றெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, வயரைவிட மெதுவானது, விலையும் அதிகம், ஆகவே வசதி உள்ளவர்களுக்கான ஆடம்பரம் என்று முடித்திருந்தீர்கள். ராயபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறவன் நான். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மெதுவானது என்பது உண்மைதான். ஆனால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்குத்தான் இந்த வசதி முதலில் வந்திருக்க வேண்டும். அவர்கள் வாங்குகிற விலையில் உள்ள போன்களில்தான் அது இல்லை.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போது பரவலாக விற்கும் போன்களில் 5000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 19 வாட் மணி. 67 வாட் வயர் சார்ஜரில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதே அளவு பேட்டரியை 15 வாட் வயர்லெஸ் தட்டில் வைத்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். 5 வாட் தட்டு என்றால் ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். வாட்டால் வகுத்துப் பார்த்தால் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் நடைமுறை அப்படி இல்லை. தட்டில் உள்ள செம்புச் சுருளிலிருந்து போனுக்குள் உள்ள சுருளுக்குக் காந்தப்புலம் வழியாகத்தான் மின்சாரம் போய்ச் சேருகிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். போகிற வழியில் கால்வாசியோ அதற்கு மேலோ சூடாக வீணாகிறது. போன் சற்று விலகி உட்கார்ந்தால் இன்னும் வீணாகும். போதாததற்கு, எண்பது சதவீதத்துக்கு மேல் எந்த பேட்டரியும் மெதுவாகத்தான் ஏறும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பியும் வாங்க முடியாது. 50 வாட் வயர்லெஸ் என்று விளம்பரம் செய்கிற போன்கள் அந்த நிறுவனத்தின் ஸ்டாண்டில் வைத்தால்தான் அந்த வேகத்தைக் காட்டும். பொதுவான தட்டில் வைத்தால் வேகம் பாதிக்குக் கீழே போய்விடும். அப்புறம் அடாப்டர். வீட்டில் கிடக்கும் பழைய பத்து வாட் அடாப்டரில் செருகினால் 15 வாட் தட்டு எங்கிருந்து 15 வாட் கொடுக்கும்? இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. தட்டு சரியில்லை என்று வாங்கியவர்கள் என் கடைக்குக் கொண்டுவருகிறார்கள்.

நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். 35 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் போனைப் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிள். மே மாதத்தில் தண்டையார்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டுக்குள் 35 டிகிரிக்கு எங்கே போவது? போன் சூடானால் பேட்டரியைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 25 வாட் தட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு கோடையில் பிரயோசனப்படாது. ராத்திரி படுக்கும்போது 5 வாட்டில் வைத்தால் போதும், காலையில் நிரம்பியிருக்கும். சூடும் குறைவு. வேகம் தேவைப்படுகிற அன்றைக்கு வயர் இருக்கவே இருக்கிறது.

அந்த வயரை எத்தனை நாள் செருக முடியும் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பிரச்சினை. டைப்-சி துளைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும். அதன் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று 24 தொடுபுள்ளிகள். கடற்கரையோர வீடுகளிலிருந்து வரும் போன்களில் இருபது புள்ளிகள் ஓரளவு நன்றாகவே இருக்கும். மின்சாரம் ஏறுகிற நான்கு மட்டும் அரித்துப்போயிருக்கும். உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே படிந்திருக்கிற நேரத்தில் சார்ஜரைச் செருகினால், மின்னழுத்தம் இருக்கிற புள்ளியில்தான் அரிப்பு வேகமாக நடக்கும். முதலில் பச்சை பிடிக்கும். பிறகு கறுத்து, உலோகமே காணாமல் போய்விடும். எண்ணூர் பக்கத்துப் போன் என்றால் கரித்தூசியும் அதோடு சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். ஐபிஏ என்கிற, சுத்தம் செய்யும் ஆல்கஹால் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுப்போம், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி வரும். இப்படிப் பச்சை பிடித்த 67 வாட் போன் பத்து வாட்கூட ஒழுங்காக வாங்காது. வயர்தான் வேகம் என்று நீங்கள் எழுதியது இந்தத் துளை, அதாவது நாங்கள் சொல்கிற சார்ஜிங் பின், நன்றாக இருக்கிற வரைக்கும்தான் செல்லும்.

காசிமேட்டு ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்கும் ஓர் அம்மா எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர். பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிய போனை எடுத்து மேசையில் வைப்பார். துளைக்குள் மீன் செதில் ஒட்டியிருக்கும். "சார்ஜே ஏற மாட்டேங்குதுப்பா, ஆட்டி ஆட்டி வச்சா ஏறுது, கைய எடுத்தா நின்னுடுது" என்பார். ஜிபே சத்தம் கேட்டால்தான் அவருக்கு வியாபாரம். விடியற்காலை போன் அணைந்துவிட்டால் அன்றைக்கு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதே சிரமம். பின் மாற்றக் கூலியோடு சில நூறு ரூபாய்தான் ஆகிறது. ஆனால் அது ஒரே தடவையோடு முடிகிற செலவு இல்லையே. சில மாடல்களில் பின்னை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்றும்போது போர்டே போகிற அபாயமும் உண்டு.

இவர் போனின் முதுகுக்குள் ஒரு செம்புச் சுருள் இருந்தால் துளையை அடைத்து மூடிவிட்டே வாழ்ந்துவிடலாம். துளைக்குள் ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்து வயரில் ஏற மறுத்தால், வயர்லெஸ் தட்டில் வைத்து ஏற்றலாம் என்று ஆப்பிள், சாம்சங் இரண்டு நிறுவனங்களுமே சொல்கின்றன. முதுகைத் துடைத்துவிட்டு வைத்தால் சரி. மழையில் நனைந்துகொண்டே வண்டி ஓட்டும் டெலிவரி பையன்களுக்கும், வண்டி முன்னால் போனை மாட்டிவைத்திருக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் இதே உபயோகம்தான். கண் மங்கி, கை நடுங்குகிற பெரியவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தச் சின்னத் துளையைத் தேடிச் செருக முடியாமல் பேரப்பிள்ளை வரும்வரை காத்திருப்பவர்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்.

கரண்ட் பில் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். தினமும் முழுதாக ஏற்றினாலும் வயரைவிட வருஷத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட்தான் அதிகமாகும். அது ஒரு பொருட்டே இல்லை. மின்சாரம் இல்லாத நாளில்தான் வீணாவது உறைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பவர் பேங்கில் இருப்பதுதான் கையிருப்பு. அப்போது வயரில்லாமல் ஏற்றினால் கையிருப்பில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். புயல் நேரத்தில் வயர்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் போன் கவருக்குள் ஏடிஎம் கார்டு, மெட்ரோ கார்டு, சாமி படம் எல்லாம் வைத்திருப்பார்கள். காகிதப் படத்தால் தொந்தரவில்லை. கார்டுகளை எடுத்துவிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும், அதில் உள்ள சிப் கெட்டுப்போகலாம். முதுகில் ஒட்டுகிற இரும்பு வளையமும் ஆகாது. வீணாகச் சூடேறும், சார்ஜும் ஏறாது. சுருள் இல்லாத போனுக்கென்று முதுகில் ஒட்டும் ரிசீவர் பட்டையும் கடைகளில் விற்கிறது. அதன் வால் அந்தத் துளைக்குள்தான் செருகியிருக்க வேண்டும். பின் போன போனுக்கு அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

நிறுவனங்களைப் பார்த்துத்தான் நான் கேட்கிறேன். வயர்லெஸ் பவர் கன்சார்ஷியம் என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு 2008-இல் தொடங்கியது. அவர்கள் முதலில் வகுத்த பொதுத் தரமே 5 வாட்தான் (பெட்டியில் க்யூ, ஐ என்ற இரண்டு எழுத்து போட்டிருப்பது அதுதான்). 2017-இல் ஐபோனில் வந்தது. 2020-இல் போன் தட்டில் விலகாமல் ஒட்டிக்கொள்ள ஆப்பிள் காந்தம் சேர்த்தது, 2023-இல் காந்தத்தோடு பொதுத் தரமும் வந்துவிட்டது. இவ்வளவு காலம் ஓடியும் இங்கே பெரும்பாலும் முப்பதாயிரத்தைத் தாண்டினால்தான் சுருள் வைத்த போன் கிடைக்கிறது, விதிவிலக்கு ஒன்றிரண்டுதான். பதினைந்தாயிரம் ரூபாய் போனில் யாருக்கும் தேவைப்படாத இரண்டு மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை வைக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, பழைய 5 வாட் சுருளை வைத்துக் கொடுங்கள். 25 வாட், 50 வாட் எதுவும் வேண்டாம்.

உங்கள் இதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்து போன் விமர்சனம் வெளியிடும்போது, பொதுவான தட்டில், ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஏறியது என்று ஒரு வரி சேருங்கள். பின் தனிப் போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே இருக்கிறதா, மாற்ற எவ்வளவு ஆகும் என்று இன்னொரு வரி. எந்த போன் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்காக அந்தப் பக்கத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
ராயபுரம், சென்னை - 600 013