ஓட்டுநரில்லாத மினி பஸ்ஸைப் பஸ்ஸாகவே ஓட்டுங்கள்

நகரப் போக்குவரத்துக் கழகங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். தானியங்கி மின்சார மினி பஸ் வாங்கும் யோசனை உங்களில் பலருக்கு இருக்கிறது. தாராளமாக வரட்டும். பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்கள், ரயிலை விட்டு இறங்கியபின் நடந்தே தீர வேண்டிய தூரம், இருட்டியதும் சேவை நின்றுபோகும் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் பத்துப் பேர் ஏறும் சின்ன வண்டி பொருத்தமானது. ஆனால் அதை வேடிக்கை பார்க்கும் பொருளாக்கிவிடாதீர்கள்.

இந்த வண்டிகள் நேற்று வந்தவை அல்ல. ஐரோப்பாவில் சிட்டிமொபில்2 என்ற திட்டத்தில் 2012 முதல் 2016 வரை பல நகரங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அதன்பிறகு நடந்த சோதனைகள் பலவும் ஒரே மாதிரிதான்: குட்டித் தடம், மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகம், திறப்பு விழா, சில மாதங்கள், அப்புறம் வண்டி கிடங்குக்கு. காத்திருக்கும் நேரத்துக்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய குட்டித் தடத்தில் யார் ஏறுவார்கள்?

நெதர்லாந்தில் ராட்டர்டாமை ஒட்டிய ரிவியம் வணிகப் பூங்காவின் கதை வேறு. அங்கே 1999-இல் தொடங்கிய சேவை, மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்களை அலுவலக வாசல்வரை கொண்டுபோய் விட்டது. வண்டிக்கென்று தனிப் பாதை போட்டார்கள். பாதையில் காந்தங்களைப் பதித்து, வண்டி தன் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ள வழிசெய்தார்கள். அன்றைய எளிய தொழில்நுட்பமே போதுமானதாக இருந்தது. ஏனென்றால், தேவை இருந்த இடத்தில் முதலில் பாதையைத் தயார் செய்தார்கள். நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

அடுத்தது பிரேக். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 2020 பிப்ரவரியில் இப்படியொரு வண்டி திடீரென்று நின்றதில், உட்கார்ந்திருந்த பயணி இருக்கையிலிருந்து கீழே விழுந்தார். வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். அந்தத் தயாரிப்பாளரின் வண்டிகளில் பயணிகளை ஏற்றுவதை 10 மாநிலங்களில் நிறுத்திவைத்தார்கள். எதையும் இடிக்காமல் நிற்பதை மட்டும் பாதுகாப்பு என்று கணக்கிட்டால், உள்ளே கைப்பிடியை எட்டிப் பிடிக்க முடியாத பாட்டியும் மடியில் குழந்தையோடு இருப்பவரும் கணக்கில் வர மாட்டார்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, எல்லோரும் உட்கார்ந்தபிறகுதான் வண்டியை எடுப்பார். அந்தப் பொறுமையையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதிக் கேளுங்கள்.

வண்டியைக் கவனிக்க உள்ளே ஓர் உதவியாளர் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. லாஸ் வேகஸில் 2017 நவம்பரில், சேவை தொடங்கிய நாளன்றே, பின்னோக்கி வந்த லாரி ஒன்று நின்றிருந்த மினி பஸ்ஸில் மோதியது. வண்டியில் உதவியாளர் இருந்தார். ஆனால் கையால் இயக்கும் கருவி ஒரு மூடிய பெட்டிக்குள் இருந்தது. பின்னால் நகர்த்தக்கூட வழியில்லை. உதவியாளரை நிறுத்தினால் அதிகாரமும் கருவியும் அவர் கையில் இருக்கட்டும். சக்கர நாற்காலியை ஏற்றிப் பிணைப்பது, இரவில் தனியாக வரும் பெண்ணுக்குத் துணையாக இருப்பது, வழி கேட்பவருக்குச் சொல்வது எல்லாம் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள். இன்றைய ஓட்டுநர்களுக்கே இந்தப் பொறுப்பைப் பயிற்சியோடு கொடுங்கள். சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த வண்டி என்றால், அதை இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

விற்பவர்களின் நிலையையும் பாருங்கள். ஆலி என்ற ஓட்டுநரில்லாத மினி பஸ்ஸைத் தயாரித்த லோக்கல் மோட்டார்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் மூடப்பட்டது. இதே வகை வண்டிகளைத் தயாரித்த பிரான்சின் நவ்யா நிறுவனம் 2023-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. தயாரிப்பாளர் போய்விட்டால் மென்பொருளைப் புதுப்பிப்பது யார், உதிரிபாகம் எங்கிருந்து வரும், தடத்தின் வரைபடம் யாருக்குச் சொந்தம்? இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

சேவை தொடங்கினால் மாதம்தோறும் எத்தனை முறை திடீரென்று நின்றது, எத்தனை முறை உதவியாளர் இயக்க வேண்டியிருந்தது, மழை நாளில் எத்தனை நடை ரத்தானது என்ற விவரங்களை நிறுத்தங்களிலேயே ஒட்டி வையுங்கள். மற்ற பஸ்களுக்கான பயணச்சீட்டே இதிலும் செல்லட்டும்.

இப்படிக்கு,
தினமும் பஸ்ஸை நம்பியிருக்கும் பயணி