செஸ் விதிக்குப் பயம் வேண்டாம், நிரலின் லைசென்ஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் செஸ்ஸும் கொஞ்சம் கணினியும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எங்கள் பெடியள் சிலர் ஒரு மென்பொருள் போட்டிக்காக, பத்துக்கு எட்டுப் பலகையில் ஆடும் செஸ் செயலி செய்தார்கள். கோட்டை போலவும் குதிரை போலவும் நகரும் ஒரு காய், மந்திரியும் (பிஷப்) குதிரையும் சேர்ந்த இன்னொன்று. பார்வையிட வந்த ஒருவர், "இதுக்கு அமெரிக்காவில பேட்டன்ட் இருக்கு, வழக்குப் போட்டுடுவாங்கள்" என்றதும் பிள்ளைகள் பயந்துபோய் அந்தப் பலகையையே செயலியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அவர் சொன்னது பழைய கதை. இதே பலகையிலும் காய்களாலும் ஆடும் கோதிக் செஸ் என்ற ஆட்டத்துக்கு 2002இல் அமெரிக்காவில் பேட்டன்ட், அதாவது கண்டுபிடித்தவருக்கு மட்டுமான உரிமை, கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு காய்களும் 1920களிலேயே செஸ் உலக சாம்பியன் கபபிளாங்கா முன்வைத்த ஆட்டத்தில் இருந்தவை. கோதிக் செஸ்ஸில் புதிது தொடக்கத்தில் காய்களை அடுக்கும் வரிசை மட்டும்தான், அந்தப் பேட்டன்ட்டும் கட்டணம் கட்டாததால் எப்போதோ காலாவதியாகிவிட்டது. எங்கள் நாட்டிலோ, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 62ஆம் பிரிவு விளையாட்டு விதிகளுக்குப் பேட்டன்ட்டே கொடுக்க முடியாது என்கிறது. ஆட்டத்தின் பெயர் வேறு விஷயம், அதை யாராவது வணிகக்குறியாகப் பதிந்திருந்தால் நாங்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இன்னொன்று. அதே செயலிக்குள் கணினியின் நகர்வுகளை யோசிப்பது ஃபெயரி ஸ்டாக்ஃபிஷ் என்ற திறந்த மூல நிரல். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதன் பயன்பாட்டு நிபந்தனைகளான ஜிபிஎல் லைசென்ஸின்படி, செயலியைப் பெறுகிறவர்களுக்கு மூல நிரலையும், செய்த மாற்றங்களோடு, கொடுக்க வேண்டும், எழுதியவர்களின் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. போட்டி முடிந்த பிறகு கோப்புறையைத் திறந்தால் லைசென்ஸ் கோப்பும் இல்லை, எழுதியவர்களின் பெயர்ப்பட்டியலும் இல்லை, முகப்பில் "முழுவதும் எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று பெரிதாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பிழை என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, காலாவதியான பேட்டன்டைக் கண்டுபிடித்தவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னவுடனே பெடியள் லைசென்ஸ் கோப்பையும் பெயர்ப்பட்டியலையும் திரும்பப் போட்டுவிட்டார்கள், அது வேறு.

இது சின்ன விஷயமில்லை. ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் விற்ற ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற செஸ் மென்பொருள், எங்கள் ஃபெயரி ஸ்டாக்ஃபிஷுக்கும் மூலமான ஸ்டாக்ஃபிஷ் நிரலிலிருந்து வந்தது, லைசென்ஸ் மீறப்பட்டது என்று ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021இல் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தபோது, ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய மென்பொருட்களை ஒரு வருடத்துக்கு விற்பதில்லை என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், நாளைக்கு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யப்போகும் எங்கள் பிள்ளைகள் இதை இப்போதே படிக்க வேண்டாமா?

ஆகவே வன்னியில் மென்பொருள் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: விண்ணப்பப் படிவத்தில் "வேறு யாருடைய நிரலைப் பயன்படுத்தினீர்கள், எந்த லைசென்ஸின் கீழ்?" என்று ஒரு கேள்வி சேருங்கள், அதை நேர்மையாக நிரப்பும் பிள்ளைக்குப் புள்ளி கொடுங்கள். உங்கள் மாணவர் பக்கத்திலும் இந்த லைசென்ஸ்களை எளிய தமிழில் ஒரு தடவை விளக்கிப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
செஸ் பயிற்றுநர் ஒருவர்,
கிளிநொச்சி.