நான்காவது படுக்கையறை எங்கே போனது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

நாங்கள் வாடகைக்கு விடும் காட்டேஜில் போன வருஷம் வரை நான்கு படுக்கையறை இருந்தது, இப்போது மூன்றுதானே இருக்கிறது, ஏன் என்று நிறைய பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். பல வருஷமாக வந்துகொண்டிருக்கும் திருப்பூர்க் குடும்பம் ஒன்று, "இருக்கிறதிலேயே பெரிய ரூமை எடுத்துட்டீங்களே, பாட்டியை எங்கே படுக்க வைக்கிறது?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தோட்டத்தைப் பார்த்திருந்த அந்தப் பெரிய அறையையும் அதை ஒட்டிய வராந்தாவையும், நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒன்றாக்கி, விளையாட்டறையாக மாற்றியிருக்கிறோம். 20 அடிக்கு 14 அடி. அதில் டிவி இல்லை, கட்டில் இல்லை. ஒரு படுக்கையறை என்றால் எங்களுக்கு அது வருமானம். அதை விட்டுக்கொடுக்க என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு வருஷம் பிடித்தது.

மலைக்கு வருகிற எல்லோரும் பகலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். காலையில் கோடநாடு காட்சிமுனை, மத்தியானம் கேத்தரின் அருவி, மறுநாள் ஊட்டி. சாயங்காலத்துக்கு யாரிடமும் திட்டம் இருப்பதில்லை. இங்கே ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டினால் தேயிலைக் காட்டிலிருந்து காட்டுமாடுகள் ரோட்டுக்கு ஏறிவிடும், கரடி நடமாட்டமும் உண்டு. அதனால் வெளியே நடக்கப் போகாதீர்கள் என்று நாங்களே கேட்டைப் பூட்டிவிடுகிறோம். அப்புறம் தூங்கும் நேரம் வரை மூன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

வருஷக்கணக்காக நாங்கள் பார்த்தது ஒரே காட்சிதான். அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி வராந்தாவில் நடப்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டிலில் கம்பளிக்குள் சுருண்டு வீடியோ பார்ப்பார்கள். பெரியவர்கள் எட்டு மணிக்கே "சாப்பாடு ஆயிடுச்சா?" என்று சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள். கேம்ப்ஃபயர் போட்டுத் தருவோம், உண்மைதான். ஆனால் பாதி நாள் மூடுபனியில் விறகு பிடிக்காது. பிடித்தாலும் முழங்கால் வலி உள்ளவர்களால் அந்தக் குளிரில் அரைமணி நேரம்கூட உட்கார முடியாது.

இதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, தொட்டபெட்டா சிகரம் மறைத்துக்கொள்வதால் எங்கள் பக்கம் ஓரளவு தப்பித்துவிடும். எங்களுக்கு மழை அக்டோபர், நவம்பரில். அதாவது ஆயுதபூஜை, தீபாவளி லீவு விட்டு நீங்கள் எல்லோரும் கிளம்பி வருகிற அதே நாட்களில்.

அப்படி ஒரு தீபாவளி சமயத்தில்தான் இந்த அறைக்கு வித்து விழுந்தது. ஈரோட்டிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். மூன்று நாளும் மழை. இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்டும் போனது. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் மனசு கேட்காமல் எங்கள் வீட்டுக் கேரம் போர்டை எடுத்துப் போய் ஹாலில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, பக்கத்தில் எமர்ஜென்சி விளக்கை வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது மணிக்குச் சாப்பாடு எடுத்துப் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுபது வயதுத் தாத்தா சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதற்கு அடுத்து போட வேண்டிய ஃபாலோ காய்க்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பத்துப் பேர் அவர் விரலையே பார்க்கிறார்கள். காய் விழுந்ததும் எழுந்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமனார் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். அவர்கள் அந்த முறை கோடநாட்டைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் மறு வருஷமும் வந்தார்கள்.

அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, இங்கே கேம்ஸ் ரூம் இல்லாமல் வாடகைக் கேபினே கிடையாது" என்றான். அவர்கள் மூன்று நான்கு தமிழ்க் குடும்பமாகச் சேர்ந்து, நீண்ட வார விடுமுறைக்கு டென்னசி மாநிலத்து ஸ்மோக்கி மலைக்குப் போவார்கள். அந்த மலையில் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு வருஷத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வருகிறார்களாம். அமெரிக்காவிலேயே அதிகம் பேர் போகும் தேசியப் பூங்கா அதுதான். அடிவாரத்தில் கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ் என்று இரண்டு ஊர்கள். சுற்றிலும் மலைச்சரிவு முழுக்க வாடகைக்கு மரவீடுகள். மேலே படுக்கையறை, கீழ்த்தளத்தில் குச்சியால் பந்தடித்து ஆடும் பூல் மேசை, ஏர் ஹாக்கி, ஃபூஸ்பால் என்று மேசை விளையாட்டுகளோடு கேம்ஸ் ரூம். பகலில் மலை, ராத்திரி பிரியாணி, அப்புறம் எல்லோரும் கீழே. அங்கேயும் கரடி உண்டு, அதனால் குப்பைத் தொட்டிக்குக்கூடத் தாழ்ப்பாள் போட்டிருப்பார்களாம். அவன் அனுப்பிய படத்தில் எட்டு வயது மருமகள் பூல் குச்சியோடு ஸ்டூல் மேல் நிற்கிறாள், பின்னால் என் அம்மா கைதட்டிக்கொண்டிருக்கிறார். குளிர், சீக்கிரம் கவிகிற இருட்டு, கரடி, ஒரே கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை. நம் கதையும் அதேதானே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்காக அங்கே இருப்பதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதலில் ஒரு பூல் மேசைதான் வாங்கினோம். பழைய சாமான் விற்கும் ஒருவர், கல் பதித்த மேசை என்று சொல்லித் தந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் மினி லாரியில் ஏற்றி வந்தோம். நான்கு பேர் சுலபமாகத் தூக்கி உள்ளே வைத்தபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிலேட்டுக் கல் பதித்திருந்தால் அத்தனை லேசாக இருக்காது. நவம்பர் ஈரத்தில் பலகை உப்பிவிட்டது. நடுவில் பந்தை வைத்தால் தானாக ஜன்னல் பக்கத்து மூலைக்கு உருண்டு போகும். மேலே விரித்த பச்சைத் துணியும் ஈரம் குடித்துப் பந்தை இழுத்தது. எடுத்துவிட்டோம். "படத்தில் பூல் மேசை இருந்ததே?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். பழைய படத்தையும் நீக்கிவிட்டேன்.

எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் பூலுக்கு உறவான ஸ்னூக்கருக்கு இது சொந்த மலை. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆட ஆரம்பித்த விளையாட்டு அது. அதே பெயரில் பிற்பாடு பிரிட்டனில் பிரதமரானவர் வேறு, இவர் வேறு. அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டிய இடம், 1880-களில், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை. உலகமெல்லாம் ஆடுகிற ஒரு விளையாட்டு இங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள் சட்டம் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறது. அந்த வெள்ளைக்காரர்களுக்கும் நம்மைப் போல மழைக்கால சாயங்காலம்தான் பிரச்சினையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நல்ல கல் மேசை ஒன்று வாங்கும் எண்ணம் இன்னும் இருக்கிறது. இந்த வருஷம் முடியாது.

இப்போது அறையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். மடக்கி ஓரமாகத் தள்ளிவைக்கக்கூடிய டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று. மேசை 9 அடிக்கு 5 அடி, இரண்டு பக்கமும் நின்று ஆட ஐந்தரை அடி கிடைக்கிறது. முற்றத்தில் போட்டால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். பந்தின் எடையே 2.7 கிராம்தான், எங்கள் காற்றுக்கு அது பக்கத்து எஸ்டேட்டில்தான் போய் விழும். பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்த மேசைதான் உயிர். அப்பாவும் பையனும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, சாப்பிட வரும்போது தோளில் கை போட்டுக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கேரம். இரண்டு போர்டு. ஒன்று 74 சென்டிமீட்டர் ஆடுகளம் கொண்ட போட்டி அளவு, உயரமான ஸ்டாண்டில். இன்னொன்று சிறுவர்கள் தரையில் உட்கார்ந்து ஆட. மலையில் கேரம் போர்டைக் காப்பாற்றுவது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. ஈரத்தில் பலகை மங்கும், காய் பாதியில் நின்றுவிடும், போரிக் பவுடர் கட்டி தட்டும். அதனால் ஆடாத நேரத்தில் போர்டைப் பருத்தித் துணியில் சுற்றிச் சுவரில் நிமிர்த்தி மாட்டுகிறோம். பவுடர் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கும், உள்ளே துணியில் முடிந்த கொஞ்சம் அரிசி. அந்த டப்பாவை மட்டும் கைக்குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் திரும்ப வைத்துவிடுங்கள், பவுடர் வாய்க்குள் போகக் கூடாது.

கட்டைவிரலால் அடிக்கலாமா, ஃபவுலுக்கு எத்தனை காய் வைக்க வேண்டும் என்பதில் வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. உட்காருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அதற்குப் பிறகு இங்கே வருகிற சிறுமிகள் போர்டைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

பெரியவர்களுக்குத் தாயம், பல்லாங்குழி, பரமபதம். இவற்றைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்கவில்லை. தாயக்கட்டை என் மாமியாருடையது, பித்தளை, முனையெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் அதைத் தேய்த்து உருட்டிவிடும் சத்தம் கேட்டதும் எந்தப் பாட்டியும் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிடுவார். தாயம் விழாமல் காய் இறங்காது என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களைவிட்டால் ஆள் ஏது? ஜன்னல் ஓரத்தில் ஒரு கல் பலகையில் ஆடுபுலி ஆட்டக் கட்டமும் செதுக்கி வைத்திருக்கிறோம். 3 புலி, 15 ஆடு. ஆடு பக்கம் ஆடுவதுதான் கஷ்டம், பொறுமை வேண்டும். செஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம், குகேஷ் ஜெயித்த பிறகு இரண்டு செட் போதவில்லை, நான்காக்கிவிட்டோம்.

வீடியோ கேம் வையுங்கள் என்று சிலர் ஆசைப்பட்டீர்கள். வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மழை வந்தால் கரண்ட் போகிற ஊர் இது. அதைவிட, திரையைப் பார்த்து உட்கார்ந்தால் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த அறையில் எல்லோரும் எதிரெதிராக உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு படுக்கையறையைக் கொடுத்தோம்.

சில வேண்டுகோள்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் டேபிள் டென்னிஸ் வேண்டாம், கீழ்வீட்டில் காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தூங்குவார்கள். கேரம், தாயம் எவ்வளவு நேரமும் ஆடலாம். சீட்டாடலாம், காசு வைத்து ஆட மட்டும் கண்டிப்பாக அனுமதி இல்லை. ஒரு குடும்பம் அதனால் மனஸ்தாபப்பட்டு நடுராத்திரியில் கார் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதை நான் மறக்கவில்லை. அப்புறம், ஆட்டம் முடிந்ததும் முறுக்கு, பஜ்ஜித் தட்டுகளை அறையிலேயே விட்டுவிடாதீர்கள், ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இங்கே கோயில் விளக்கு எண்ணெய் வாசனைக்கே கரடி கதவைத் தள்ளிப் பார்க்கும்.

வாடகை விவரம். நான்கு அறை இருந்தபோது முழு வீட்டுக்கு ஒரு இரவுக்கு 12,000 ரூபாய். இப்போது 10,500. விளையாட்டறைக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. இனி அறை அறையாகத் தருவதில்லை, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான். எட்டுப் பேர் தாராளமாகத் தங்கலாம். திருப்பூர்ப் பாட்டிக்குச் சமையலறையை ஒட்டிய அறை, படி ஏற வேண்டாம், வெந்நீர்க் குழாயும் பக்கத்திலேயே. விளையாட்டறைக்கும் பத்தே அடி.

வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு அது தேவைப்படுகிறது. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள், அதனால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவராதீர்கள், செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குடிக்கக் காய்ச்சிய தண்ணீர் எப்போதும் இருக்கும்.

இன்னொரு விஷயம். போன ஆயுதபூஜை லீவுக்குப் பிறகு மாமியாரின் தாயக்கட்டை ஜோடியில் ஒன்று காணவில்லை. பிள்ளைகளின் பையிலோ ஸ்வெட்டர் பாக்கெட்டிலோ போயிருக்கலாம். தயவுசெய்து ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் அடுத்த முறை வரும்போது கொண்டுவந்தால் போதும். அதுவரை புளியங்கொட்டையைத் தேய்த்துப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கோத்தகிரி காட்டேஜ் வீட்டார்