108, அண்ணே

அண்ணே,

வீட்டைக் காலி செய்ய நீ வரவில்லை. காரணம் இதைப் படிக்கப்போகும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். பரணில் உன் நோட்டு கிடைத்தது. அட்டையில் உன் கையெழுத்தில் 4294967297.

ஊர் படிக்கும் என்பதால் சொல்கிறேன்: 32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் எண் இது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும்போது வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் என்று 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நம்பினார். இது எதால் வகுபடும் என்று கண்டுபிடிக்க அப்பா இதை உனக்குத்தான் கொடுத்தார், எனக்கில்லை.

கரண்ட் போன ராத்திரி. சிம்னி விளக்கை நான் பிடித்திருந்தேன். பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே நீ 641-க்கு வந்திருந்தாய். 4294-இல் 6 தடவை, மீதி 448. ஒன்பதை இறக்கி 7 தடவை, மீதி 2. அப்புறம் ஈவில் இரண்டு பூஜ்யம். 2672-இல் 2564-ஐக் கழித்தாய். இரண்டில் நாலு போகாது, பக்கத்தில் கடன் வாங்கினாய். வாங்கியதை மறந்து 118 என்று எழுதினாய்.

108, அண்ணே. நான் பார்த்தேன்.

கடைசியில் மீதி 359 வந்தது. அடித்துவிட்டு 643-க்குப் போனாய். எட்டாவது படிக்கிறவன் அண்ணனிடம் தப்பு சொன்னால் தலையில் கொட்டு விழும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கொட்டுக்குப் பயந்தவன் விடியுமுன் எழுந்து, சிலேட்டில் 641 × 6700417 என்று எழுதி அப்பாவிடம் நீட்டுவானா? பரிசுப் பேனாவை எனக்குக் கொடுத்தார். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் செய்தது திருட்டு. மன்னித்துவிடு.

ஆனால் அந்த ஒரு காலைக்கு எத்தனை வருஷம் வட்டி வாங்குவாய்? என் மாமனார் வீட்டார் முன்னால் "கணக்குப் புலி வந்துட்டான்" என்றாயே. பன்னிரண்டாவதோடு நின்றது நீயாக எடுத்த முடிவு. கடை விஷயம் இங்கே வேண்டாம், மதினி படிப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 641-ஐ 1732-லேயே ஆய்லர் என்ற கணித மேதை கண்டுபிடித்துவிட்டார். 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று பின்னாளில் நிரூபித்தும் காட்டினார். 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே அகப்பட்டுவிடும். இந்தக் குறுக்குவழி தெரியாமல், மூன்றில் தொடங்கி ஒன்றுவிடாமல் 115-ஆவதாக நீ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாய். காலேஜில் இதைப் படித்த அன்று உனக்குப் போன் செய்ய எழுந்தேன். செய்யவில்லை.

நோட்டைக் கூரியரில் அனுப்புகிறேன். 118-ஐத் திருத்தவில்லை. அதற்குப் பிந்தைய பக்கங்களை இப்போதுதான் பார்த்தேன். நான் தூங்கப் போன பிறகு 643, 647 என்று பத்து வகுத்தல் செய்திருக்கிறாய். 709-இல் 4254 என்று எழுதி, கீழே கோடு போட்டு, கழிக்காமல் நிற்கிறது.