பென்சில் புள்ளடி

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஏசாத. எட்டு மாசமா ஒரு மெசேஜும் போடல்ல எண்டு மூஞ்சிய நீட்டிக்கொண்டு இருப்பாய், தெரியும். நாங்க சுகம். சின்னவனுக்கு மட்டும் சளி விடுதில்ல, மாரி தொடங்கினா கல்லடியில அதொண்டும் புதினம் இல்லயே. உன்ட கால் நோவு எப்பிடி? போன்ல சொல்லலாம்தான், ஆனா வாயத் திறந்தா அழுதிருவன், அதான் எழுதுறன்.

ஒற்றச்சடையிட கதை உனக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க. 2021ல வீடு திருத்த எண்டு பேங்க்ல 8 லட்சம் லோன் எடுத்தாள்கா. பிணைக்கு ரெண்டு அரசாங்கச் சம்பளக்காரர் வேணும், ஒராள் அவட மச்சான், மற்ற ஆள் நான். ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சி வந்து எங்கட திண்ணையில பிளேன்டீ குடிச்சிக்கொண்டு வச்ச கையெழுத்து. நாலு பக்கம், முழுக்க இங்கிலீசு, எங்கெங்க வைக்கணுமோ அங்கெல்லாம் பென்சிலால சின்னச் சின்னப் புள்ளடி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நான் புள்ளடியத்தான் பார்த்த, எழுத்தப் பாக்கல்ல. "சும்மா ஒரு சைன்தானேக்கா" எண்டாள், நானும் சும்மாதான் வச்சன்.

மறுகா 2022 வந்திச்சு. டொலர் 200ல இருந்து 360க்குப் பாஞ்சி, விடிய விடிய எண்ணெய்க் கியூவில கிடந்த காலம், அவட புருசன்ட மீன் லொறி நிண்ட இடத்திலயே நிண்டிச்சு, தவணையும் நிண்டிச்சு. அதுக்குப் பிறகு கெயார் வேலைக்கெண்டு வெளிநாடு போயிட்டாள். ஜெபம் பண்ணி அழுது வழியனுப்பினதும் நாங்கதான். இப்ப நம்பர் மாறிட்டு. மாசியில எனக்குக் கடிதம் வந்திச்சு, வட்டியோட 6 லட்சத்துச் சொச்சம். மச்சான்காரன் ரிட்டயராகி எங்க இருக்கார் எண்டே தெரியா. என்ட மனிசன் என்னை ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்டும் பேசாம சைக்கிளத் துடைச்சார், ரெண்டு நாளா அதையே துடைச்சார்.

லோயர் தம்பிக்கிட்ட ஃபோமக் கொண்டு காட்டினன். ரெண்டு பேர் நிண்டா ஆளுக்குப் பாதி எண்டுதானே நினைப்பம், இல்லயாம், பேங்க் விரும்பினா முழுக்காசையும் ஒராள்ட்டயே கேக்கலாமாம். முதல்ல கடன் எடுத்தவளப் பிடிச்சிக் கேளுங்க, அவட்ட கிடைக்காட்டி மறுகா எனக்கிட்ட வாங்க எண்டு சொல்ற உரிமை சட்டத்தில பிணைகாரருக்கு இருக்காம். அந்த உரிமைய நான் விட்டுக்குடுக்கிறன் எண்டு அந்த ஃபோமிலயே ஒரு வரி கிடக்குகா! அதுக்கு நேர கீழதான் என்ட கையெழுத்து, அழகா. அதோட முடியல்ல, மூத்தவள்ட படிப்புக்கு லோன் கேட்டுப் போனா கிரிப்பில, அதான் ஆர் ஆருக்கு என்ன கடன் எண்டு பதிஞ்சு வைக்கிற இடத்தில, உங்கட பேர் இருக்கு எண்டுறாங்க. கிரிப் எண்ட ஒண்டு 1990ல இருந்து இருக்காம், எனக்கு இப்பதான் அறிமுகம்.

நீதிமொழிகள் 22ம் அதிகாரத்தில பிணை நிக்காத, உன்ட படுக்கையையும் எடுத்துக்கொண்டு போயிருவாங்க எண்டு கிடக்கே, அந்த வசனத்த ஞாயிறு பள்ளியில மனப்பாடம் சொல்லித்தான் நான் சோப்புப் பெட்டி பரிசு வாங்கின. நீ ரெண்டாம் இடம், மறக்கல்லயே? வசனம் வாயில இருந்திச்சு, பேனை கையில இருந்திச்சு, ரெண்டும் சந்திக்கவே இல்ல.

ஆனா எட்டு மாசமா எனக்குள்ள இன்னொண்டு குடையுது. அதே வேதத்தில யூதா பென்யமீனுக்குப் பிணை நிக்கிறான். பவுல் அடிமை ஒநேசிமுவுக்காக அவன்ட எசமான் பிலேமோனுக்கு எழுதக்குள்ள, அவன் உனக்குக் கடன்பட்டிருந்தா என்ட கணக்கில போடு, நான் கட்டுறன் எண்டு தன்ட கையால எழுதுறார். எபிரெயர் 7ல இயேசுவையே பிணையாளி எண்டுதான் சொல்லியிருக்கு. அப்ப பிணை நிக்கிறது பிழையா, சரியா? எத்தின ராத்திரி பழைய பாலத்தில நடந்து நடந்து யோசிச்சன் தெரியுமா. யூதா எகிப்தில தம்பிக்குப் பதிலா நான் அடிமையா நிக்கிறன் எண்டு முன்னுக்கு வந்து நிண்டவன். பவுல் கட்டத்தான் எழுதினார். நான் கட்டவேண்டி வரும் எண்டு நினைச்சே வைக்கல்லயடி. இல்லை எண்டு சொல்லி மூஞ்ச முறிக்க ஏலாம வச்சிட்டு அதுக்கு அன்பு எண்டு பேர் வச்சிக்கொண்டன். காசு போனதவிட அதுதான் சுடுது.

இப்ப பார், போன கிழம கொயர்ல பாஸ் பாடுற பொடியன் த்ரீவீலர் லீசிங் ஃபோமோட வாறான். அவன்ட தாய் 2004 சுனாமியோட நாவலடியில போனவ, உனக்குத் தெரியாததா, அம்மம்மாதான் வளத்தவ. இவனுக்கு எப்பிடி இல்லை எண்டுற? சொன்னன்கா. கையெழுத்து வைக்கமாட்டன், இந்தா 25,000 ரூபா, திருப்பித் தரவேணாம் எண்டு குடுத்தன். சீட்டுக் காசு அது. அதோட அந்த ஃபோமில ஒவ்வொரு வரியையும் லோயர் தம்பிக்கிட்டக் காட்டிட்டு வா எண்டு அனுப்பினன். போதகரம்மா கேள்விப்பட்டு எனக்கு விசுவாசம் குறைஞ்சிட்டு எண்டாவாம். குறைஞ்சிருக்கலாம். ஆனா அந்தம்மாட பேர் எந்த ஃபோமிலயும் இல்ல. பொடியன் மட்டும் ஞாயித்துக்கிழம எனக்குப் பக்கத்தில வந்து நிண்டு பாடினான், எனக்குச் சுருதியே வரல்ல.

மாசம் 14,500 வெட்டுப்படுது, இன்னும் 3 வருசம் கிட்ட. ஒற்றச்சடை உன்ட மைனி இருக்கிற ஊர்ப்பக்கம்தான் எண்டு கேள்வி. கண்டா ஏசவேணாம் எண்டு சொல்லு. பாதியாவது அனுப்பச் சொல்லு. இல்லாட்டி ஒரு கோல் எடுக்கவாவது சொல்லு.

பெரிய மாமிக்கு இப்ப ஒரு கண் தெளிவு, மத்தக் கண்ணுக்குத் தையில ஒப்பரேசன்.

மற்றது, காணி விசயமா கையெழுத்து வைக்கச் சொல்லி நீ அனுப்பின பேப்பர் வந்திச்சு. நீயும் பென்சில் புள்ளடி போட்டுத்தான் அனுப்பியிருக்காய். எல்லாத்தையும் அழிறப்பரால அழிச்சிட்டன். ரெண்டாம் பக்கத்திலதான் நிக்கிறன், வாசிச்சி முடிச்சிட்டுச் சொல்றன், பொறு.

இப்பிடிக்கு,
உன்ட சோப்புப் பெட்டி